ராசப்பன் கையில் அருள்நாதனின் சர்க்கரை

அருள்நாதன்: தள்ளி உக்காராதய்யா. கிட்ட வா. நீ நாலு நாற்காலி தள்ளிப் போனா என் சக்கரை காணாமப் போயிடும்.

ராசப்பன்: அங்க ஃபேனுக்குக் கீழ இடம் இருக்கு, அருளு. வேர்த்து ஊத்துது.

அருள்நாதன்: ஊத்தட்டும். போன் இங்க, கை அங்கன்னு இருந்தா 'சிக்னல் இல்லை'ன்னு கத்தும். இங்க கத்தினா சென்னையில எம் பொண்ணு பெலிண்டா போன்லயும் கத்தும். உடனே கூப்பிடுவா. நான் என்னன்னு சொல்றது? என் கை காத்து வாங்கப் போயிருக்குன்னா?

ராசப்பன்: இப்ப எவ்வளவு காட்டுது?

அருள்நாதன்: இன்னும் ஒண்ணும் காட்டல. ஒட்டினதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஆகும். நீ சட்டைக் கையை இறக்கி விடு.

ராசப்பன்: யாரு பார்க்கப் போறா? அஞ்சு ரூபா காசை ஒட்டிக்கிட்டு வந்திருக்கான் கிறுக்கன்னு நெனச்சுட்டுப் போவாங்க.

அருள்நாதன்: காசு இல்லய்யா அது. அதுக்குப் பின்னாடி ஒரு கம்பி உன் சதைக்குள்ள போயிருக்கு. அதுதான் சக்கரை எவ்வளவுன்னு உள்ளேர்ந்து போனுக்குச் செய்தி அனுப்புது.

ராசப்பன்: கம்பியா? காலையில பொட்டுன்னுதானே சொன்ன?

அருள்நாதன்: பொட்டுதான். பொட்டுக்குப் பின்னாடி கம்பி.

ராசப்பன்: எவ்வளவு நீளம்?

அருள்நாதன்: அது கெடக்கு, பொன்மலையிலேர்ந்து லால்குடி வரைக்கும்.

ராசப்பன்: விளையாடாத.

அருள்நாதன்: நகத்தளவுதான்யா. முடி மாதிரி. முப்பத்தஞ்சு வருஷம் ரயில் பெட்டிக்கு அடியில படுத்துக் கிடந்து வேலை பார்த்த ஃபிட்டர் நீ. இதுக்குப் போயி...

ராசப்பன்: பெட்டிக்குள்ள நான் போனேன். எனக்குள்ள எதுவும் வந்ததில்ல. அம்மை குத்தினது ஒண்ணு, இளவயசுல பச்சை குத்தினது ஒண்ணு. அதோட சரி.

அருள்நாதன்: அதனாலதான் என் கையில ஒட்ட வேண்டியத உன் கையில ஒட்டினேன். ஊர்ல சக்கரை இல்லாத கை உன் கை ஒண்ணுதான். நம்ம மன்னார்புரம் தெருவுல ஒரு வீடு விடாம யோசிச்சுட்டேன். நாய்க்குக்கூட சுகர் இருக்கு.

ராசப்பன்: எந்த நாய்க்கு?

அருள்நாதன்: பவித்ரா டீச்சர் வீட்டு நாய்க்கு. தினமும் ரெண்டு வேளை ஊசி. நீ பார்த்ததில்ல?

ராசப்பன்: புளுகாதய்யா. ஸ்டோர்ஸ்ல கிளார்க்கா இருந்தப்பவும் இப்படித்தான். நான் நாலு போல்ட்டு கேட்டா, நாடு பூரா போல்ட்டுப் பஞ்சம்னு சொல்லி அனுப்புவ.

அருள்நாதன்: பஞ்சம் இருந்துச்சு. அத விடு. வாசனை வருதா?

ராசப்பன்: என்ன வாசனை?

அருள்நாதன்: மூச்சை இழுத்துப் பாரு. நெய். பச்சைக் கற்பூரம். பாலும் வெல்லமும் சேர்ந்து சுண்டற வாசனை... நம்ம ரயில் பணிமனை சம்பத் சாருக்கு எண்பது முடிஞ்சு சதாபிஷேகம். ஸ்ரீரங்கத்துல உத்திர வீதியில சாப்பாடு. அப்படின்னா அக்காரவடிசல். நான் அத நாக்குல வச்சு மூணு வருஷம் ஆச்சு. அழைப்பிதழ் வந்த அன்னிலேர்ந்து கனவுல வருது. நேத்து கனவுல நான் அதுல நீச்சல் அடிச்சேன்.

ராசப்பன்: கனவுல தின்னதுக்கும் சென்னையில மணி அடிச்சிருக்குமே.

அருள்நாதன்: சிரிக்காத. அந்த நெலமைதான். போன மாசம் மார்க்கெட்ல மாம்பழத்தை மோந்து பார்த்தேன், மோந்துதான் பார்த்தேன், பெலிண்டா லைன்ல வந்துட்டா. ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை அப்பம் வாங்கிட்டுத் திரும்பறேன், கோயில் மணியும் என் போனும் ஒண்ணா அடிக்குது. பாதரே நிமிர்ந்து பார்த்தாரு.

ராசப்பன்: பூசைக்கு வர்றதுக்கு முன்னாடி என்கூட நின்னு போளி தின்னியே, அத ஏன் சொல்லல?

அருள்நாதன்: அது சின்னப் போளி. விடு.

ராசப்பன்: ஆனா ஒண்ணு அருளு. அந்தப் பொட்டைக் குத்தம் சொல்லாத. மாசி மாசம் விடியக்காலையில சக்கரை இறங்கி நெனப்பு இல்லாமக் கிடந்தியே, அது கத்தினதாலதானே பாப்பா எனக்குப் போன் போட்டுச்சு?

அருள்நாதன்: நான் குத்தம் சொல்லலய்யா. அன்னிக்கு அது இல்லேன்னா இன்னிக்கு எனக்குத் திதி. நீ வந்து கதவை உடைச்சு, என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி...

ராசப்பன்: கதவு தெறந்துதான் இருந்துச்சு. வாயில சக்கரைத் தண்ணி ஊத்தினேன். நீ கண்ணு முழிச்சு, 'காபித்தூள் போடல'ன்ன.

அருள்நாதன்: நான் சொல்ற மாதிரி சொன்னாத்தான்யா உனக்குப் பெருமை. சரி, விஷயம் என்ன? உயிரைக் காப்பாத்திச்சு, ஒத்துக்கறேன். ஆனா காப்பாத்தின கையோட காவலுக்கும் உக்காந்துடுச்சு. இந்த மாசம் இன்னொரு தரம் சக்கரை போன்ல இருக்கற சிவப்புக் கோட்டைத் தாண்டினா, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டு என்னைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னு சொல்லிட்டா. சொன்னா செய்வா. எம் பொண்டாட்டி பேட்ரிசியா வளர்த்த பொண்ணு.

ராசப்பன்: போயிட்டு வாயேன். பேரன் இருக்கான்.

அருள்நாதன்: பேரன் ஸ்கூலுக்குப் போயிடுவான். பதினாலாவது மாடி, ராசப்பா. கீழ பார்த்தா மனுஷன் எறும்பு மாதிரி. எதிர் வீட்டுக்காரன் வாசல்ல செருப்பு மட்டும் இருக்கு, ஆளைப் பார்த்தவங்களே கிடையாது. அங்க நான் யார்கிட்ட சண்டை போடுவேன்? லிஃப்ட்டுகிட்டயா?

ராசப்பன்: ...அதுக்குத்தான் கையைக் குடுத்தேன். பேசாம இரு.

அருள்நாதன்: அட, வந்துடுச்சு. நம்பர் வந்துடுச்சு.

ராசப்பன்: எவ்வளவு? காட்டு.

அருள்நாதன்: இரு... இருநூத்தி முப்பத்தெட்டா?

ராசப்பன்: அது நல்லதா கெட்டதா?

அருள்நாதன்: மெஷினுக்கு இன்னும் தூக்கம் தெளியல. புதுசா ஒட்டினா மொதல்ல கொஞ்சம் உளறும். நீ என்ன சாப்பிட்ட?

ராசப்பன்: வீரம்மா குடுத்த காபி.

அருள்நாதன்: அதுல எவ்வளவு சக்கரை போடறா தங்கச்சி?

ராசப்பன்: அவ போடறது ஒரு கரண்டி. அவ திரும்பினதும் நான் போடறது தனி.

அருள்நாதன்: அதான். சரியாயிடும். நல்ல உடம்புன்னா தானா இறங்கிடும்.

ராசப்பன்: எவ்வளவுக்கு இறங்கணும்?

அருள்நாதன்: உனக்கு எதுக்கு அந்தக் கணக்கெல்லாம்? பந்தி கூப்பிடறாங்க, எழுந்திரு. கையைக் கோத்துக்க.

ராசப்பன்: ரெண்டு கிழவன் கை கோத்துக்கிட்டுப் போனா என்ன நெனப்பாங்க?

அருள்நாதன்: சம்பத் சார் ஜோடியவிட நம்ம ஜோடி நல்லா இருக்குன்னு நெனப்பாங்க. வா. இந்த ஓரத்து எலை. நீ எனக்கு இடது பக்கம்.

ராசப்பன்: எலையப் பாரேன். ஸ்டேஷன் பிளாட்பாரம் மாதிரி.

அருள்நாதன்: பேசாத. வருது. தூக்கு வாளியைப் பாரு. ராசப்பா, நெய் எலைக்கு வெளிய ஆறா ஓடப் போவுது... ஊத்துங்க சாமி. இன்னும். இன்னும் கொஞ்சம். பெருமாள் புண்ணியம் உங்களுக்கு. இவருக்கும் ஊத்துங்க.

ராசப்பன்: எனக்கு வேணாம்.

அருள்நாதன்: வேணாமா? யோவ், மருங்காபுரியில உங்க மச்சான் கல்யாணத்துல குண்டான்ல கையை விட்டுத் தின்னவன் நீ.

ராசப்பன்: அப்ப இளவயசு. கொஞ்சமா போடுங்க சாமி... போதும், போதும்.

அருள்நாதன்: ஆகா. இத வாயில வச்சதும் காது அடைக்குதுய்யா. எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ ஏதாவது பேசினியா?

ராசப்பன்: எவ்வளவு காட்டுதுன்னேன்.

அருள்நாதன்: சாப்பிடறப்ப கணக்குப் பார்க்காத. சாமி, இங்க இன்னொரு கரண்டி.

ராசப்பன்: உன் ஜோப்புல போன் அடிக்குது.

அருள்நாதன்: அடிக்காது.

ராசப்பன்: அடிக்குதுய்யா. எலை ஆடுது.

அருள்நாதன்: ...மாதாவே. பெலிண்டா. மொகம் தெரியற வீடியோ கால். எழுந்திரு, எழுந்திரு, தூணுக்குப் பின்னாடி வா. நீ படத்துல வராத. ஆனா தள்ளியும் போகாத. ஹலோ... என்னம்மா?

பெலிண்டா: அப்பா, எங்க இருக்கீங்க?

அருள்நாதன்: சம்பத் சார் விசேஷம். நேத்தே சொன்னேனே. ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டு ஆசீர்வாதம் வாங்கிட்டு வந்துடறேன்னு.

பெலிண்டா: மோர் குடிச்சா முந்நூத்திப் பத்து வராதுப்பா.

அருள்நாதன்: முந்... எவ்வளவு?

பெலிண்டா: முந்நூத்திப் பத்து. போன்ல அம்புக்குறி மேல பார்த்து நிக்குது. வாய் ஓரத்துல என்ன அது?

அருள்நாதன்: சந்தனம்மா. வாசல்ல குடுத்தாங்க.

பெலிண்டா: சந்தனத்துல முந்திரிப்பருப்பு இருக்கு.

அருள்நாதன்: பெரிய எடத்து விசேஷம்.

பெலிண்டா: அப்பா, நான் சிரிக்கற நெலமையில இல்ல. காலையிலதான் புதுசு மாத்தினீங்க, மொத நம்பரே இருநூத்துக்கு மேல. அதுக்குள்ள இவ்வளவு. சரியா ஒட்டலியோ என்னவோ. கையைக் காட்டுங்க.

அருள்நாதன்: இங்கயா? எல்லாரும் பார்ப்பாங்களேம்மா.

பெலிண்டா: சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுங்க. ஒரு நிமிஷம்தான்.

அருள்நாதன்: இரும்மா, போனைத் திருப்பறேன்... ராசப்பா, வா. குனி. கையை என் தோள் பக்கம் கொண்டா. மொகத்தை உள்ள இழு.

ராசப்பன்: இடுப்பு புடிக்குதுய்யா.

பெலிண்டா: யார்கிட்டப்பா பேசறீங்க?

அருள்நாதன்: தூண்கிட்ட. இதோ பாரு, ஒட்டியிருக்கு. கல்லு மாதிரி.

பெலிண்டா: உங்க கையில எப்பப்பா இவ்வளவு முடி?

அருள்நாதன்: இந்த மாத்திரை மாத்தினதுலேர்ந்து இப்படித்தாம்மா. தலையில விழுறதெல்லாம் கையில மொளைக்குது.

பெலிண்டா: கொஞ்சம் கீழ இறக்குங்க. அங்க ஏதோ பச்சையா எழுதியிருக்கு. வீ... ர... ம்...

அருள்நாதன்: வீரம்னு எழுதிக்கிட்டேம்மா. ஊசி குத்தறப்ப தைரியம் வரட்டும்னு. பேனாவாலதான்.

பெலிண்டா: வீரத்துக்குப் பக்கத்துல இன்னும் எழுத்து இருக்கு. அத ஏன் கட்டை விரலால மறைக்கறீங்க?

அருள்நாதன்: வெளிச்சம் பத்தலம்மா.

பெலிண்டா: ...சரிப்பா. பையில இன்சுலின் ஊசிப் பேனா இருக்கா?

அருள்நாதன்: இருக்கு. எதுக்கு?

பெலிண்டா: முந்நூறு தாண்டினா ஒரு கூடுதல் டோஸ் போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல. வெளிய எடுங்க. நான் சொல்றப்ப போடுங்க. நான் பார்த்துட்டே இருக்கேன்.

அருள்நாதன்: எடுக்கறேம்மா... இரு, பை அந்தப் பக்கம் இருக்கு.

ராசப்பன்: அருளு, என்ன பண்ற?

அருள்நாதன்: மெதுவா பேசு. குத்திட்டா முடிஞ்சுது. இன்னிக்கு ஒரு நாள் தப்பிச்சுட்டா போதும்.

ராசப்பன்: உனக்கு எவ்வளவு இருக்குன்னே தெரியாம எப்படிக் குத்துவ? காலையில வேற போட்டிருக்க.

அருள்நாதன்: ரெண்டு கரண்டி தின்னிருக்கேன். இருக்கும்.

ராசப்பன்: இல்லாமப் போனா சக்கரை ஒரேயடியா இறங்கிடாதா? மாசி மாசம் கட்டிலுக்குக் கீழ கிடந்த. மொகம் வெள்ளை வெளேர்னு... நான் பார்த்தேன். நீ பார்க்கல.

அருள்நாதன்: குத்தலேன்னா ஞாயித்துக்கிழமை நான் பதினாலாவது மாடியில இருப்பேன்யா.

ராசப்பன்: இரு. பதினாலாவது மாடியில உயிரோட இரு. நான் பஸ் ஏறி வந்து சண்டை போடறேன். குடு அந்தப் போனை.

அருள்நாதன்: ராசப்பா...

ராசப்பன்: பாப்பா, நான் ராசப்பன் மாமா. அப்பாவுக்கு ஊசி வேண்டாம். அது என் கை. முந்நூத்திப் பத்தும் என்னுதுதான்.

பெலிண்டா: தெரியும் மாமா.

ராசப்பன்: தெரியுமா?

பெலிண்டா: வீரம்மா அத்தை பேரை எங்கப்பா எதுக்குக் கையில பச்சை குத்திக்கணும்? அவர் பேனா மூடியில கை வச்சிருந்தா நானே இங்கேர்ந்து கத்தியிருப்பேன். அப்பா, அந்தப் பேனாவைப் பையில போடுங்க.

அருள்நாதன்: போட்டுட்டேம்மா.

பெலிண்டா: இன்னொருத்தர் உடம்பு சொல்ற நம்பரைப் பார்த்து உங்களுக்கு ஊசி போட இருந்தீங்க. உயிரைக் காப்பாத்தின அந்தப் பொட்டாலயே உயிர் போயிருக்கும். எதுக்கு? ரெண்டு கரண்டி இனிப்புக்கு.

அருள்நாதன்: இனிப்புக்குத்தான் ஆரம்பிச்சேன். ஊசியை எடுத்தது... ஊரை விட்டுப் போகக் கூடாதேன்னு.

பெலிண்டா: விரல்ல குத்திப் பாக்கற மெஷின் இருக்குல்ல? ரெண்டு பேரும் பாருங்க. ஆளுக்கு ஒரு புது ஊசி. முன்னாடி கையைக் கழுவுங்க, நெய்யோட குத்தாதீங்க.

அருள்நாதன்: கழுவியாச்சு. மொதல்ல நான்... நூத்தி அறுபது. பார்த்தியாம்மா? தங்கம். ரெண்டு கரண்டி தின்னும் தங்கம்.

பெலிண்டா: இப்பத்தானே தின்னிருக்கீங்க. இன்னும் ஏறும். ஆனாலும் கூடுதல் டோஸ் போடற அளவு இல்ல. புரியுதா?

அருள்நாதன்: புரியுதும்மா. சத்தியமா.

பெலிண்டா: இப்ப மாமா.

ராசப்பன்: எனக்கு எதுக்குப் பாப்பா? அந்தப் பொட்டு உளறுதுன்னு அப்பா சொன்னாரே.

அருள்நாதன்: நீட்டுய்யா. கண்ணை மூடிக்க. அங்க பாரு, சம்பத் சார் மாலையும் கழுத்துமா வர்றாரு.

ராசப்பன்: எங்க... ஸ்ஸ். பாவி.

அருள்நாதன்: முந்நூத்தி இருபத்திரெண்டு.

பெலிண்டா: மாமா, ராத்திரியில அடிக்கடி எழுந்திருக்கறீங்களா? தாகம் எடுக்குதா?

ராசப்பன்: திருச்சி வெயில்ல யாருக்கும்மா தாகம் எடுக்காது?

பெலிண்டா: நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கறீங்க. அப்பா கூட்டிட்டுப் போவாரு. இன்னிக்கு இதோட இனிப்பு போதும். தண்ணி நெறையக் குடிங்க.

ராசப்பன்: சரி பாப்பா. நான் போறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடாத.

பெலிண்டா: தனியா இருக்காருன்னு எனக்குப் பயம் மாமா. வேற ஒண்ணும் இல்ல. பக்கத்துல ஒருத்தர் பார்த்துப்பாருன்னு நெனச்சேன். அந்த ஒருத்தரே கையை வாடகைக்கு விட்டா நான் என்ன பண்றது?

ராசப்பன்: வாடகை வாங்கல. ஒரு கரண்டி அக்காரவடிசல்தான்.

அருள்நாதன்: அதையும் அரைக் கரண்டியோட நிறுத்திட்டாம்மா.

பெலிண்டா: ரெண்டு பேரும் வாயை மூடுங்க. நான் சொல்றதக் கேளுங்க. அப்பா கையில ஒண்ணு. டாக்டர் சரின்னா மாமா கையில ஒண்ணு. அப்பாவோட நம்பர் மாமா போன்ல அடிக்கும். மாமாவோட நம்பர் அப்பா போன்ல அடிக்கும்.

அருள்நாதன்: உனக்கு?

பெலிண்டா: ரொம்ப எறங்கினா, ரொம்ப ஏறினா மட்டும் எனக்கு. மோந்து பார்த்ததுக்கெல்லாம் இனிமே நான் கூப்பிட மாட்டேன்.

அருள்நாதன்: அப்ப சென்னை?

பெலிண்டா: லீவுக்கு வாங்க. பேரனோட சண்டை போடுங்க. திரும்பிப் போங்க.

அருள்நாதன்: பாப்பா... உங்கம்மா மாதிரியே பேசறம்மா. அவளும் இப்படித்தான், தூக்குல போடறேன்னு ஆரம்பிச்சு காபி குடுத்து முடிப்பா.

பெலிண்டா: இன்னும் முடிக்கல. ரெண்டு பேர் நம்பரும் வீரம்மா அத்தை போன்லயும் அடிக்கும்.

ராசப்பன்: அதுக்கு நான் சென்னைக்கு வந்துடறேன் பாப்பா. பதினாலாவது மாடின்னா பதினாலாவது மாடி.

பெலிண்டா: சாயங்காலம் அத்தைகிட்ட நானே பேசறேன். அப்பா, வாயைத் துடைங்க. வைக்கறேன்.

அருள்நாதன்: ...வச்சுட்டா.

ராசப்பன்: வச்சுடுச்சா? நல்லாப் பாரு.

அருள்நாதன்: வச்சுட்டாய்யா. நான் ஊர்லயே இருக்கேன். ராசப்பா, நான் எங்கயும் போகல. இந்தத் தூணைக் கட்டிப் புடிச்சு ஒரு முத்தம் குடுக்கலாம் போல இருக்கு.

ராசப்பன்: தூணை விடு. மோர் வாங்கிக் குடு. நெஜமாவே தாகமா இருக்கு.

அருள்நாதன்: இந்தா. மெதுவா குடி... ராசப்பா, உன்னைப் பார்த்தா எனக்குக் கண்ணு கலங்குதுய்யா. ஊசின்னா ஊரை விட்டு ஓடறவன். காலையில நான் கேட்டு முடிக்கல, அதுக்குள்ள சட்டையை மடிச்சுக் கையை நீட்டிட்ட. எனக்காக. இந்தக் காலத்துல யாரு செய்வா? நம்ம பணிமனை வாசல்ல உனக்கு ஒரு சிலை வைக்கணும். கையை நீட்டின மாதிரியே.

ராசப்பன்: சிலையெல்லாம் வேணாம்.

அருள்நாதன்: ஏன்யா வேணாம்? சம்பத் சாரையே கூப்பிட்டுத் தெறந்து வைக்கச் சொல்றேன்.

ராசப்பன்: அருளு, போன வருஷம் துவாக்குடியில மருமகன் கம்பெனில ஒரு மருத்துவ முகாம். வம்பா உக்கார வச்சு விரல்ல குத்திட்டாங்க. அந்தப் பொண்ணு மெஷினைப் பார்த்துட்டு, 'ஐயா'ன்னு ஆரம்பிச்சுது. நம்பரைச் சொல்றதுக்குள்ள எழுந்து பஸ் ஏறிட்டேன். வீரம்மாகிட்டகூடச் சொல்லல. அன்னிலேர்ந்து அது என்ன நம்பரா இருக்கும்னு ஒரே நெனப்பு. என் பேர்ல கேட்டுத் தெரிஞ்சுக்கத் தைரியம் இல்ல... உன் பேர்ல வந்தா பக்கத்துல உக்காந்து பார்த்துக்கலாம்னுதான்யா கையை நீட்டினேன்.